பச்சைக் கோடு போட்ட வார்த்தைகள்

சுடலைராஜ் மாமா விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. அவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கே, தெருமுனையில் படுத்திருக்கிற நாய் எழுந்து குரைக்கிற அளவுக்குக் கத்தவேண்டும்.

அவருக்கு ஒரே மகள், காவியா. பிளஸ் டூ முடித்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் அவள் ஒரு பிளாக் எழுதி வந்தாள். தமிழ்தான், ஆனால் பத்து வார்த்தைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்திலேயே போடுவாள். பத்தாவதோடு நின்ற எனக்கே புரிகிற இங்கிலீஷ்.

மாமா ஷிப்ட் முடிந்து வந்து, காலைக் கழுவிவிட்டு அந்த லேப்டாப் முன்னால் உட்காருவார். அழுது நான் பார்த்ததில்லை. இழை எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று தறியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இங்கேயும்.

போன மாதம் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்த ஒரு நாள், அவர் சம்சாரம் வள்ளித்தாய் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன வா. உங்க மாமா ஸ்கூட்டி வாங்கணும்னு நிக்காரு."

"அவருக்கு ஓட்டத் தெரியுமா அத்தை?"

"அவருக்கு இல்லலே. காவியாவுக்கு."

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவோம். வருஷத்துக்கு ஒருதடவை புதுப் பாவாடை சட்டை, வளையல், பவுடர் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்துப் படைப்போம். மாமா முதல் வருஷம் அதோடு ஷூ வைத்தார். அடுத்த வருஷம் முகத்துக்குப் பூசுகிற க்ரீம். பிள்ளை கேட்டது என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

"இந்த வருசம் ஸ்கூட்டி கேக்காளாம். பெட்டிக்குள்ள எப்படிலே வைப்பாரு? மடிச்சா வைப்பாரு?" என்றாள் அத்தை. முகத்தில் சிரிப்பு இல்லை.

உள்ளே போனேன். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். மாமா பிளாக்கைத் திறந்து காட்டினார். இங்கிலீஷ் வார்த்தைகளெல்லாம் பச்சை நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் ரெட்டைக் கோடு. ஷூ என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். ஒரு பெட்டி குதித்து வந்து, விதவிதமாக ஷூ காட்டியது.

"பாத்தியா. வேணுங்கிறதுக்கு மட்டும் பிள்ள கோடு போட்டு வச்சிருக்கா. என்ன மாடல்னுகூடக் காட்டுதா."

டாக்டர் என்று எழுதியிருந்த இடத்தில் மூட்டுவலித் தைலம் எட்டிப் பார்த்தது. வேறு வீடாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் கிண்டல் பண்ணியிருப்பேன்.

"மாமா! இது காவியா போட்ட கோடு இல்ல! விளம்பரக்காரன் போட்டது!"

"என்னது?"

"விளம்பரம்! பாட்டு இறக்குத சாப்ட்வேர் எதையோ போடும்போது கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு! எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் கோடு போடும்!"

நம்பட்டும் என்று ஒரு இங்கிலீஷ் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். மழை என்கிற வார்த்தையில் பச்சைக் கோடு. தொட்டால் குடை.

மாமா குனிந்து பார்த்தார். "பேப்பர்லயும் பிள்ள கோடு போட்டிருக்காளா?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பிரவுசர் செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தேன். நாங்கள் யாரும் கூப்பிடாத ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. "எடுத்துரட்டுமா மாமா?"

"எடுத்தா பிள்ள எழுதுனதும் போயிருமா?"

"போகாது. கோடு மட்டும்தான் போகும்."

"சரி, எடு."

எடுத்துவிட்டு பிளாக்கை மறுபடி திறந்தேன். எல்லாம் கறுப்பு எழுத்து. மாமா விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார்.

"அப்போ பிள்ள ஒண்ணும் கேக்கலையா?"

அதற்குப் பதிலைக் கத்திச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஷூன்னு இருந்துச்சே, அங்கன என்ன எழுதிருக்கா?"

"நீங்க வாசிச்சதில்லையா மாமா?"

"அவரு எங்க வாசிச்சாரு?" அடுப்படியிலிருந்து அத்தை சொன்னாள். "பச்சையத்தான தேடுனாரு."

வாசித்தேன். தறியெல்லாம் நின்றிருந்ததால் என் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "சிவகிரிக்குப் போட்டிக்குப் போனோம். புது ஷூ கடிச்சு ரெண்டு காலும் புண்ணு. இனிமே ஜென்மத்துக்கும் ஷூ போடமாட்டேன்."

மாமா உள்ளே போய்க் கன்னிப் பெட்டியைத் திறந்து, ஷூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"ஸ்கூட்டி?"

"கணக்கு டீச்சர் ஸ்கூட்டி இன்னைக்கும் ஸ்டார்ட் ஆகல. பீரியட் கிடையாது. ஜாலி."

"டீச்சர் வண்டியா?"

"ஆமா மாமா!"

"சரி." ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து வாசி."

பிளாக்கின் அடிவரைக்கும் இறக்கி, அவள் முதன்முதலாக எழுதியதைத் தேடி எடுத்தேன். 'டெஸ்ட்' என்று மட்டும் இருந்தது. வேறு ஒன்றுமில்லை. அதையும் கத்தி வாசித்தேன்.

"ம்" என்றார் மாமா. "அடுத்தது."