ஆந்தையின் மண்ணீரலைக் காட்டிய மெஹருன்னிசா

செய்தி வந்தபோது நான் திருவொற்றியூர் தேரடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மெஹருன்னிசாவின் தம்பி போன் செய்தார். "அண்ணே, அக்கா பூட்டாங்கண்ணே. காலைல டீ குட்ச்சிகினு இருந்தாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பால அடக்கம்." சரி என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றேன். அடுத்த பஸ்ஸும் போனது. எனக்குப் பயம் வந்தால் கால்தான் முதலில் சொன்ன பேச்சைக் கேட்காது.

தண்டையார்பேட்டையில் எங்கள் மலேரியா கிளினிக்குக்கு வந்து போனவர்களில் பாதிப் பேருக்கு அவரை 'ஆந்தையக்கா' என்றுதான் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அப்படியே கூப்பிட்டிருப்பீர்கள். காய்ச்சலோடு வருகிறவர்களின் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'உண்டு', 'இல்லை' என்று எழுதுவது எங்கள் இருவருக்கும் வேலை. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், மேலதிகாரிக்குப் பயம். மலேரியாவுக்கு மட்டும் பயந்ததில்லை. தினமும் பார்க்கிற முகத்துக்கு யார் பயப்படுவார்கள்?

ஆந்தை விவகாரம் இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் ஆரம்பித்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு பருப்புக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஜெயபால், சாக்குப்பையில் எதையோ போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். "மெஹராக்கா, இத்த நீயே இன்னான்னு பாரு. எறக்க ஒடஞ்சிகீது. எங்காளுங்க ஒர்த்தனும் தொட மாட்றான், பேஜாரா கீது." மெஹரின் அப்பா வண்ணாரப்பேட்டையில் மாடியில் புறா வளர்த்தவர். அதனால் அந்த வட்டாரத்தில் எந்தப் பறவைக்கு என்ன ஆனாலும் மெஹரிடம்தான் வந்து சேரும். பையைத் திறந்தால் வெள்ளை மூஞ்சி ஆந்தை. கூடவே அதன் இறகிலிருந்து தட்டையாக ஒரு ஈ வெளியே வந்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் என் சட்டைக் கையில் ஓடியது. நான் ஸ்டூல் மேல் ஏறிவிட்டேன்.

"ஒன்னிய துன்றுமா அது? எறங்கி குந்து சேகரு" என்றார் மெஹர்.

இறக்கைக்கு அடியில் இருந்த நரம்பில் ஒரு சொட்டு எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் கை பழகியபடி, மனிதர்களுக்குச் செய்வதுபோல, தடிப்பாக வட்டமாகத் தேய்த்து, தண்ணீர் விட்டு, சாயம் ஏற்றினேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். எங்கே நகர்த்தினாலும் ஊதா நிறப் பொட்டுகள் அப்பிக் கிடந்தன. "மெஹர், உடம்பு முழுக்கக் கிருமி. என் மேல வேற அந்த ஈ ஏறுச்சு" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யோவ், இது ஆந்தை. மன்சன் இல்ல. பறவைக்கு செகப்பு அணுவுலயும் உள்ள கொட்டை இருக்கும், உட்கருன்னு படிச்சமே அது. மன்சனுக்கு இருக்காது. நீ தண்ணி ஊத்தி அணுவ ஒடச்சிட்ட, கொட்டை மட்டும் நிக்குது." இத்தனை வருடம் ரத்தம் பார்த்தவனுக்கு அது தோன்றவில்லை. கிளினிக் முழுக்க ஒரு மாதம் என்னைக் கேலி செய்தார்கள்.

பிறகு அவரே மெல்லிசாக இழுத்த ஸ்லைடைப் பார்த்தார். இந்த முறை சிரிப்பு நின்றுவிட்டது. சில சிவப்பணுக்களுக்குள், நடுக்கொட்டையை அணைத்தபடி, வளைந்து, பழுப்புத் துகள்களோடு ஏதோ இருந்தது. மலேரியாவுக்குச் சித்தப்பன் பிள்ளை போல ஒன்று. நான் கேட்பதற்கு முன்பே, "இது மன்சனுக்கு வராது" என்றார்.

அதிலிருந்து அவருக்கு அதே நினைப்புதான். அடிபட்ட ஆந்தை எது வந்தாலும் மதியச் சாப்பாட்டு வேளையில் அதன் ரத்தத்தைப் பார்ப்பார். தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்வார். அந்தக் கிருமி ரத்தத்தில் பெருகுவதில்லையாம். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று சதைக்குள் உட்கார்ந்து பெருகுமாம். பூச்சி வழியாக வெளியே கிளம்பத் தயாரானது மட்டும்தான் ரத்தத்துக்கு வருமாம். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஜனத்த எண்ணிட்டு ஊர்ல எத்தினி பேருன்னு சொல்ல முடியுமா சேகரு? வூட்டுக்குள்ள கீறவன ஆரு எண்ணுவா?" என்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவேன்.

அந்தச் சமயத்தில் என் மகள் நித்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. ஸ்லைடை நானே பார்த்தேன். வைவாக்ஸ் மலேரியா, ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வருகிற வகை. டாக்டர் ரத்தத்துக்கு மூன்று நாள் மாத்திரையும், ஈரலுக்குப் பதினான்கு நாள் மாத்திரையும் எழுதினார். ஈரல் மாத்திரையை இரண்டாம் நாளே வாந்தி எடுத்தாள். நான் அவள் விரலில் குத்திப் பார்த்தேன். ரத்தம் சுத்தம். பிறகு எதற்குப் பிள்ளையை வாட்டுவது என்று மிச்ச மாத்திரையைப் பொட்டலம் கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். படிக்காதவர் செய்கிற தப்பில்லை இது. ஸ்லைடு பார்க்கிறவன், தன் கண்ணின் மேல் வைத்த திமிரில் செய்கிற தப்பு.

இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் திரும்பியது. மறுபடி மூன்று நாள் மாத்திரை, மறுபடி சுத்தம். மெஹரிடம் பெருமையாகச் சொன்னேன். "ஈரல் மாத்திர முழுசா குட்த்தியா?" என்று கேட்டார். "குடுத்தேன்" என்று பொய் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக்கின் பின்புறம் கூடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆந்தை செத்துப்போனது. அந்த வாரம் முழுக்க அதன் ரத்தத்தை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். ஒன்றும் இல்லை. மெஹர் கையுறை போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் வைத்து அதை அறுத்தார். மண்ணீரலை ஸ்லைடில் ஒற்றி எடுத்து, சாயம் ஏற்றி, என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். பை பையாக, ஒவ்வொரு பையும் வெடிக்கிற அளவு நிறைந்து, எண்ண முடியாத கிருமி மணிகள்.

"வூடு நெறய கீறானுங்க. தெருவுல ஒர்த்தன் இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீ பாப்பாவுக்கு மாத்திர குடுக்கல, இல்ல?" என்றார்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது. லீவு சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். பட்டப்பகல் வெயிலில் நித்யா மூன்று போர்வைக்குள் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி வள்ளி அவள் மேல் சாய்ந்து அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பிள்ளையின் இடப்பக்க விலா எலும்புக்கு அடியில் கை வைத்தேன். வீங்கிய மண்ணீரல் விரலில் தட்டியது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித் தொட்டுப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறேன். என் பிள்ளை வயிற்றிலிருந்து கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று பயந்ததுபோல் நான் வாழ்க்கையில் பயந்ததில்லை.

டாக்டர் ஈரல் மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வெறும் வயிற்றில் கூடாது, ஒரு நாளும் விடக்கூடாது, சிலருக்கு இந்த மாத்திரை ரத்த அணுவையே உடைத்துவிடும், அதனால் சிறுநீர் கறுத்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். மெஹர் பொட்டலத்தை என் கையில் தரவில்லை. "ஒன்ன நம்ப மாட்டேன். நானே வந்து குடுப்பேன்."

அன்று சாயங்காலமே வந்தார். அதற்குள் ஆந்தையை அறுத்த சேதி எங்கள் சந்துக்கு வந்திருந்தது. வள்ளி வாசலை மறித்து நின்றாள். "ஆந்தைய அறுத்த கைங்க அது. அந்தக் கையால எம் புள்ளைக்கு மாத்திரயா? உள்ள வராதீங்க." அது மனிதனுக்கு வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியவன் நான். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் அந்தக் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மெஹர் கோபப்படவில்லை. "சரிம்மா, நான் உள்ள வர்ல. பாப்பாவ வெளிய அனுப்பு. சோறு துன்ட்டாளா?" என்று கேட்டார்.

பதினான்கு நாள். வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து, அடிபம்பு பக்கத்தில் நிற்பார். நித்யா போய் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். புறா கதை ஏதாவது சொல்வார். போகும்போது, "இன்னிக்கி ஒண்ணுக்கு இன்னா கலரு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே நின்றார். வள்ளி பேசாமல் குடையை நீட்டினாள். கடைசி நாட்களில் டீ போட்டு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். நித்யாவுக்கு அதன்பின் காய்ச்சல் திரும்பவில்லை. எத்தனையோ முறை வள்ளியே வருந்திக் கூப்பிட்டாள். "அப்பால வரேம்மா" என்பார். எங்கள் வீட்டுக்குள் அவர் ஒரு முறைகூட வரவில்லை.

வருடக்கணக்கில் மென்று முழுங்கிவிட்டு ஒரு நாள் அவரிடம் சொன்னேன். "அன்னிக்கு நான் பேசியிருக்கணும் மெஹர்." அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயந்துட்ட. வுடு. நானுந்தான் பயந்தேன்." நீயா என்றேன். "பதினாலு நாளும். புள்ளைக்கி ஒண்ணுக்கு கறுத்துருமோன்னு நெனச்சி நெனச்சி எனக்கு சோறு எறங்கல. என் கையாலதான குட்த்தேன்?"

அடக்கத்தில் மற்றவர்களோடு நானும் மூன்று பிடி மண் போட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

முதலில் வந்தது வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய், இடுப்பில் நாலு வயதுப் பையன். ஸ்லைடு சுத்தம். 'இல்லை' என்று எழுத வேண்டியதுதான். முன்பு காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். ரெண்டு தபா வந்துச்சு என்றாள். ஈரல் மாத்திரை முழுசாகக் கொடுத்தாயா என்றேன். "குட்த்தேன் சார்" என்று தரையைப் பார்த்தாள். அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் அழைத்துப்போய் மாத்திரையை மறுபடி எழுதி வாங்கினேன். பொட்டலத்தை அவளிடம் தராமல் என் பையில் வைத்துக்கொண்டு, "ஒன் வூடு எங்கம்மா கீது?" என்று கேட்டேன். இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பையன் மாத்திரையை விழுங்கியதும், ஒண்ணுக்கு என்ன கலர் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பயந்துகொண்டு நிற்கிறேன். மெஹர் பட்ட பயம் இதுதான் போலிருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.