ஒரு துணியைக் காணோம்

பயம் என் கூடவே பிறந்தது. பள்ளியைப் பாதியில் விட்டு கார் வேலைக்கு வந்த பிறகும் அது போகவில்லை.

வளர்மதி அக்காவின் பழைய மாரிஸ் மைனர் கார் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தது. மறுநாள் அதில்தான் அவர் தன் மகளை மணப்பெண்ணாகக் காத்தோங் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும். எஞ்சினைத் திறந்து, பிஸ்டன்களின் தலையில் படிந்த கரியைச் சுரண்டினேன். தூள் விழாதபடி பக்கத்து சிலிண்டர்களில் துணி அடைத்திருந்தேன். எல்லாம் மூடி முடுக்கிய பிறகு பார்த்தால் ஒரு துணியைக் காணோம். உள்ளேயே விட்டுவிட்டேனோ?

"இவனுக்கு எப்பவும் இதே பாட்டுலா. ஒன்னும் இருக்காது, ஸ்டார்ட் பண்ணு" என்றார் முதலாளி.

காரை எடுக்க வந்த அக்கா என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "திறங்க தம்பி, நானும் பாக்குறேன்."

"திறந்தா, மூடிக்கு அடியில போட்ட புது கேஸ்கெட் தகடு வீணாயிடும்க்கா."

"ஆகட்டும்லா. பொண்ண வச்சு ஓட்டப்போறது நான்தானே."

மறுபடி திறந்தேன். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என்னோடு குனிந்தார். துணி இல்லை. பிஸ்டன்கள் பளபளத்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரோ, "எவ்ளோ அழகா இருக்கு! திறக்கலன்னா பாத்திருப்பேனா?" என்று சிரித்தார்.

பயப்படாதே என்று சொன்னவர்கள் நிறையப் பேர். என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் துணியை அப்புறம் நான் தேடவே இல்லை.