தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல்

எங்கள் தோட்டத்து ரோடு பஸ் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு துண்டுக் காணி இருக்கிறது. மூன்று மூலைக் காணி. ஒரு பக்கம் தோட்டத்து றப்பர், ஒரு பக்கம் ருவான்வெல்லைக்குப் போகிற ரோடு, எதிர்த்தாற்போல் பன்சலை என்கிற புத்த விகாரைக்கு ஏறுகிற படிக்கட்டும் அரச மரமும். அட்டைக்கடிக்குப் பயந்து யாரும் அதில் ஆடுகூடக் கட்ட மாட்டார்கள். அப்படிப்பட்ட காணிக்காகத்தான் பொலிஸ் வந்தது, டிவிக்காரன் வந்தான், கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தருக்கும் அந்தக் காணியில் என் பிள்ளை கிடக்கிறது என்பது தெரியாது.

அது என் தலைப்பிள்ளை. பெண். வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைச் சர்ச் மயானத்தில் வைக்க முடியாது என்று அப்போதிருந்த உபதேசியார் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லையாம், ஃபாதரே வந்து ஜெபம் பண்ணுவாராம். நல்லது, பண்ணட்டும். என் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. என் புருஷன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், றப்பர் மரங்கள் முடிகிற எல்லையில் குழி வெட்டினார். தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பை ஊன்றினார். எங்கள் பக்கம் கல்லறை கட்ட வசதியில்லாத சனத்துக்கெல்லாம் குரோட்டன்தான் அடையாளம்.

அது தோட்டத்துக் காணி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாமே தோட்டத்துக் காணிதான். பிறந்ததும் அதில், சாவதும் அதில். அந்தத் துண்டுக்குத் தனியாக ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரிடம் ஒரு உறுதிப் பத்திரம் இருக்கிறது, அதை அவருடைய மகன்மார் விற்கலாம் என்பதெல்லாம் எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. விற்ற பிறகுதான் தெரிந்தது. வாங்கியவர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. பள்ளிவாசல் கட்டப் போகிறாராம்.

பள்ளி என்றதும் பஜாரின் முகமே மாறிவிட்டது. நேற்றுவரை ஒருவர் கடையில் ஒருவர் தேநீர் குடித்தவர்கள், இன்று கிளாஸைக் கழுவினார்களா என்று பார்த்துக் குடித்தார்கள். நானா கடையில் யார் வந்து போகிறார்கள் என்று எதிர்க்கடைச் சிங்கள முதலாளி பார்த்தார். எதிர்க்கடையில் யார் கூடிப் பேசுகிறார்கள் என்று நானா பார்த்தார். லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் இரண்டு பேரையும் பார்த்தோம். தோட்டத் தலைவர் வாசல் வாசலாக வந்து சொல்லிவிட்டுப் போனார்:

“யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவங்க ரெண்டு பக்கமும் அடிச்சிக்குவாங்க, பொறகு சேந்துக்குவாங்க. தீ வந்து நம்ம கூரையிலதான் விழும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் பிள்ளை அங்கே கிடக்கிறதே, நான் எப்படிச் சும்மா இருப்பது? றப்பர் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு நேரே நானா கடைக்குப் போனேன். கல்லாவில் அவரைத் தவிர ஆள் இல்லாத நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இதை வைத்துக்கொண்டு ஏதாவது கேட்க வந்திருக்கிறாளோ என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

“தங்கச்சி, அந்தக் குரோட்டன் ஈக்கிற மூலைதானே?” என்றார் கடைசியில். “அதுல கை வெக்க மாட்டோம். அல்லாஹ் மேல ஆணையாச் செல்றன். ஆனா நீங்க இத வெளியில செல்லாதீங்க.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“செல்லிப் பாருங்களேன். மையத்த அடக்கின எடத்துல பள்ளி கட்டுறாங்கன்னு நாளைக்கே போஸ்டர் அடிப்பானுகள்.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையே குடைந்தது. நல்ல மனசோடு சத்தியம் செய்கிறவர், வெளியில் சொல்லாதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

அவர் பயந்தது எப்படியோ நடந்துவிட்டது. நான் யாருக்கும் சொல்லவில்லை, என் புருஷனும் சொல்லியிருக்க மாட்டார். லயத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும், அதில் யாரோ ஒரு புண்ணியவாளன் வாயை விட்டுவிட்டான். பள்ளி வேண்டாம் என்று கூட்டம் சேர்த்துக்கொண்டு திரிந்த த்ரீவீல்காரத் தம்பி ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான். பஜாரில் அவன் வண்டி எத்தனையோ தரம் என்னைச் சேறடித்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு “அக்கே, அக்கே” என்று சிங்களத்தில் தேன் வடிந்தது. கையில் போன்.

உங்கள் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டோம், எங்களுக்கு நெஞ்சு வெடிக்கிறது, இதிலே ஒரு வார்த்தை பேசுங்கள், நாடே பார்க்கட்டும் என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிங்களத்தில் நான் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. அக்கே என்றவனை நானும் தம்பி முறைக்கு மல்லி என்றேன். “மல்லி, லயத்துக் கூரை பறந்தப்ப ஒனக்கு நெஞ்சு வெடிக்கலையே. மண்சரிஞ்சு எங்க ரோடு அடைபட்டப்ப வெடிக்கலையே. என் புள்ள செத்து இம்புட்டு வருஷமாச்சு, இன்னைக்கா வெடிக்குது? போ, போய் ஆஸ்பத்திரியில காட்டு” என்று அவன் பாஷையிலேயே கேட்டுவிட்டேன். பக்கத்து வீடுகளில் சிரிப்புச் சத்தம். அவன் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். நானா உனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்கிற பார்வை.

பிறகு மண் வழிக்கிற பெக்கோ மெஷின் வந்தது. ஒரே பகலில் பற்றை, மானாப் புல் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் காணியை உள்ளங்கை மாதிரி ஆக்கிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகும்போது பார்த்தேன், குரோட்டனைக் காணவில்லை. கத்தியும் வாளியுமாக ஓடினேன். குரோட்டன் இருந்த இடத்தை மட்டும் வழிக்காமல் விட்டிருந்தார்கள். அதன் தலைமாட்டில் ஒரு தட்டைக் கல், கால்மாட்டில் ஒரு தட்டைக் கல், நிமிர்த்தி ஊன்றியிருந்தார்கள்.

துலுக்க மயானத்தில்தான் அப்படிக் கல் பார்த்திருக்கிறேன். அடப்பாவிகளா, என் பிள்ளையை அவர்கள் பிள்ளையாக்கிவிட்டார்களா? பழைய காலத்திலிருந்தே எங்கள் ஆள் இங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்வார்களோ? எங்களுக்குச் சர்ச் மயானத்தில் இடமில்லை என்றார்கள், இங்கே எங்கள் பிள்ளைக்கு எங்கள் பிள்ளை என்ற பேரும் இல்லையா? நானா ரோட்டோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “எங்கட மௌத்தானவங்களுக்கு இப்படித்தான் வெப்போம், தங்கச்சி. மீசான் கல்லுன்னு செல்ற. பெக்கோக்காரன் வேரோட இழுத்துட்டான், நான் சத்தம் போட்டு நிப்பாட்டினன். எடம் தவறிடக் கூடாதேன்னு நானேதான் வெச்ச. வேற எப்படி வெக்கிறதுன்னு எனக்குத் தெரியா.”

பாதி நம்பினேன். மீதிப் பாதியை என்னால் நம்ப முடியவில்லை, அந்த ஊர் அப்போது அப்படித்தான் இருந்தது. கல்லைப் பிடுங்கலாமா என்று யோசித்தேன். பிடுங்கினால் இடம் எது என்று எனக்கே தெரியாது. விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனேன்.

என் மனசில் ஓடியது மற்றவர்கள் மனசிலும் ஓடியிருக்கிறது. வாரம் முடிவதற்குள் கதை கிளம்பிவிட்டது: பள்ளிக்காரர்கள் பொய்க் கபுறுக் குழி ஒன்றை வைத்து, ஆதிகாலத்திலிருந்தே இது எங்கள் இடம் என்று காட்டப் பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் சர்ச்சிலிருந்து இறங்கி வருகிற நேரம், காணி நிறைய ஆட்கள். கொடி, மைக், மண்வெட்டி. பொலிஸ் இரண்டு பேர் ரோட்டோரத்தில் நின்று பராக்குப் பார்த்தார்கள். பன்சலைப் படிக்கட்டில் வயசான பிக்கு ஹாமுதுரு ஒருவர் குடையோடு நின்றார்; இறங்கியும் வரவில்லை, ஏறியும் போகவில்லை. த்ரீவீல்காரத் தம்பி மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். தோண்டுவோம், உள்ளே ஒன்றும் இருக்காது, இவர்களுடைய பொய்யை நாடே பார்க்கட்டும் என்றான். ஒருவன் தலைமாட்டுக் கல்லில் ஏற்கெனவே கை வைத்துவிட்டான்.

உள்ளே ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான். இறந்து பிறந்த பிள்ளையின் எலும்பு இத்தனை வருஷ மழைக்குத் தாங்குமா? தோண்டினால் வெறும் மண்தான் வரும். அதை எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். என் பிள்ளை இல்லவே இல்லை என்றாகிவிடும்.

தலைவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல சேலை, மண்ணில்.

“இது என் மகள். இந்தக் கல்ல நான்தான் வெச்சேன்” என்றேன் சிங்களத்தில்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நானா வைத்தார் என்றால் அந்த நிமிஷமே தோண்டியிருப்பார்கள். மைக் நின்றது. நீ முஸ்லிமா என்று கேட்டான் ஒருவன். கழுத்திலிருந்த செபமாலையை எடுத்துக் காட்டினேன். அப்படியானால் இந்தக் கல் ஏன் என்றான் இன்னொருவன்.

“வேற என்ன வெக்கணும்? எங்கிட்ட மார்பிளா கொட்டிக் கெடக்குது?”

கூட்டத்தில் கொஞ்சம் பேர் சிரித்துவிட்டார்கள். அதோடு சூடு இறங்கிவிட்டது. ஹாமுதுரு அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார். மண்வெட்டிகளும் கலைந்தன. அடுத்த வாரம் விஷயம் கோர்ட்டுக்குப் போனது, மேலிடத்து உத்தரவும் வந்து, வழக்கு முடியும்வரை யாரும் அந்தக் காணியில் ஒன்றும் கட்டக் கூடாது என்றாகிவிட்டது.

முடிந்தது என்று நினைத்தேன், என் முட்டாள்தனம். அத்தனை போனிலும் என் முகம் பதிந்திருந்தது. முதலில் கேட்டவர் நானாதான். கடைக்குப் போனபோது சாமானைக் கட்டிக்கொண்டே, “நீங்க ஏன் பொய் செல்லின, தங்கச்சி? யாரு செல்லித் தந்த?” என்றார். நன்றி சொல்வார் என்று போனேன். அந்தப் பொய்யில் தனக்கு ஏதோ பொறி இருக்கிறது என்று பயந்துபோயிருந்தார். நான் சீனியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

லயத்தில் இன்னும் மோசம். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நான் திரும்பினால் மறுபடி தொடங்கும். துலுக்கக் கல்லை வைத்துக்கொண்டு என் மகள் என்கிறாளே, அப்படியானால் அது யாருடைய மகள்? நானா காணியை வாங்கியதும் அதற்காகத்தானாமே? இப்படி ஒரு கதையைக் கட்ட எந்த நாக்குக்கு மனசு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடைசியில் அது என் வீட்டுக்குள்ளும் வந்தது. வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் என் புருஷன். கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்.

“கல்ல நீ வெக்கலையே புள்ள. பொறகேன் ஒன்னோடதுன்னு சொன்ன?”

“தோண்டியிருப்பானுங்க.”

“அதுக்குத்தானா?”

அவ்வளவுதான் கேட்டார். குழி வெட்டிய மனுஷன், தன் கையால் மண் போட்டவர், அவர் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை அடித்திருக்க வேண்டும் நான். அடிக்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் பலாப் பலகையில் ஒரு சிலுவை அடித்துக் கொண்டுபோனார். கல் இரண்டையும் பிடுங்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சிலுவையை நட்டு, குறுக்குப் பலகையில் தன் பேரைப் பெரிதாக எழுதினார். பிள்ளையின் தகப்பன் யார் என்று ஊர் பார்க்கட்டுமாம்.

ஊர் பார்த்தது. சாயங்காலமே த்ரீவீல்காரத் தம்பி வந்துவிட்டான், கூடவே பத்துப் பன்னிரண்டு பேர். பள்ளியை நிறுத்தினோம், இப்போது அதே இடத்தில் சர்ச் கட்டுகிறீர்களா, யாரிடம் பெர்மிஷன் எடுத்தாய் என்று கேட்டான். அன்றைக்கு அக்கே என்றவன் அப்போது நீ, வா, போ. தலைவர் என் புருஷன் காலில் விழாத குறை. உங்கள் ஒரு சிலுவைக்காக லயத்தையே கொளுத்தப் போகிறார்கள் என்றார்.

என் புருஷன் போய்ச் சிலுவையைப் பிடுங்கினார். சிலுவை நட்ட குழி தெரிந்தால் அந்த இடத்தைத் தோண்டுவார்கள் என்று காலால் மண்ணைத் தள்ளி மிதித்து மட்டமாக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மழைக்காலம் போய் மானா ஆளுயரம் வளர்ந்துவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறதாம், காணி இன்னும் சும்மாதான் கிடக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் மெழுகுவர்த்தியோடு போனோம். ஊருக்குத் தெரியாமல் புல்லுக்குள் புகுந்து, நான் ஓரிடத்தில் குனிந்தேன். அவர், “அங்க இல்ல புள்ள, இங்க” என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் காட்டிய இடத்தில் அது இல்லை. நான் குனிந்த இடத்தில் இல்லை என்று அவருக்கும் அதே நிச்சயம். ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டதும், மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.