பார்க்க வந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஓர் எச்.ஐ.வி. ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். ஆய்வுக்குத் தொடர்ந்து நிதி தரலாமா என்று நேரில் பார்க்க டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நோயாளிகள் சிலர் காலையிலிருந்தே எங்கள் அலுவலகத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆனால் ஊருக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு விடுவதா? அலுவலகத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஆச்சி தன் வீட்டில் இலை போட்டுவிட்டார். கோழி வந்தது, நண்டு வந்தது, கடைசியில் இனிப்பாகக் கவுனி அரிசியும் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. பந்திக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"நேரமாச்சு ஆச்சி."

"இலையில உக்காந்தவுகள யாராச்சும் அவசரப்படுத்துவாகளா?" என்று அதட்டினார்.

அவர்கள் எழுந்து கைகழுவியபோது மதுரையில் விமானத்தைப் பிடிக்க மட்டுமே நேரம் இருந்தது. கார் அங்கிருந்தே கிளம்பிவிட்டது.

எரிச்சலோடு அலுவலகத்துக்கு நடந்தேன். என்னைக் கண்டதும், காளையார்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெண் எழுந்து நின்றாள். வீட்டில் தனக்குத் தட்டும் தம்ளரும் தனியாக ஒதுக்கிவிட்டார்கள் என்பதை டெல்லிக்காரர்களிடம் சொல்லத்தான் வந்திருந்தாள். விருந்து முடியவே நேரமாகிவிட்டது, அப்படியே போய்விட்டார்கள் என்றேன்.

பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நல்லாச் சாப்புட்டாகளா?" என்று கேட்டாள்.