ஜெயில் கதவுக்குக் குங்குமம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அருப்புக்கோட்டையில் என்னைக் கேட்காமல் மிளகாய் வத்தலுக்கு விலை சொல்ல ஆளில்லை என்ற நிலைக்கு வந்தவன். அதற்குக் காரணம் ஒரு கதவு என்று அந்தக் காலத்தில் நம்பினேன்.

அறுபதுகளில் எங்கள் பக்கத்து வெள்ளைக்காரன் காலத்து ஜெயிலை மூடி, பழைய இரும்பை ஏலம் விட்டார்கள். ஓர் அறையின் கம்பிக் கதவை எடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து வத்தல் மூட்டை அடுக்கும் என் கிட்டங்கிக்கு மாட்டினேன். மனுசனே தப்ப முடியாத கதவு, மூட்டை எப்படித் தப்பும்? வெள்ளிதோறும் அதற்கு மஞ்சள், குங்குமம், சாம்பிராணி. வியாபாரம் பெருகிக்கொண்டே போனது.

எழுபதுகளில் அந்த ஜெயிலையே அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அப்போது என் மகளுக்குப் பந்தல்குடியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பையனைப் பெற்றவர்கள் வீட்டுக்கு வந்த அன்று, சுற்றிக் காட்டுகிறேன் என்று அவர்களையும் என் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். எங்கள் தெருவில் முதல் கார் என்னுடையது. அது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

உள்ளே கால்விலங்கு, தகரத் தட்டு, கைதிகளின் படங்கள். கடைசி அறையில் புதுக் கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசி, 'அக்காலத்துக் கதவு' என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்குமா?

"ஏய்யா, இது நேத்து அடிச்ச கதவு! நெசக் கதவு என் கிட்டங்கியிலதான் தொங்குது. வெள்ளிக்கு வெள்ளி குங்குமம் வச்சுக் கும்பிடுறேன்!" என்று காவலாளியிடம் கட்டடமே அதிரச் சொன்னேன்.

பையனின் தாயார் நின்றுவிட்டார்.

"ஆளைப் பூட்டி அழவச்ச கதவையா அண்ணே கும்பிடுறீக? அந்த வீட்டுலயா நாங்க பொண்ணெடுக்க?"

"கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர் கணவர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அண்ணன் சும்மா இருந்தாகளா?"

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். மகளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. சம்பந்தம் முறிந்தால் முறித்தது என் வாய்தான். கதவைக் கழற்றினாலோ தொழில் படுத்துவிடுமே. நூறு மூட்டைக்கு நொடியில் விலை சொல்கிறவன், அங்கே இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டேன்.

"தங்கச்சி, நாளைக்கே அந்தக் கதவு இங்க வந்துரும்" என்றேன் கடைசியில்.

"பெறகு யாவாரம் படுத்துச்சுன்னா என் மருமகளையில்ல குத்தம் சொல்லுவீக?"

மருமகள் என்ற சொல் விழுந்ததும் கிள்ளு நின்றது.

"கதவா சம்பாதிச்சுச்சு? இந்தக் கை சம்பாதிச்சது தாயி!"

பேச்சுக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகு, அதுதான் நிசம் என்று எனக்கே பட்டது. மறுநாள் கதவு ஜெயிலுக்குப் போனது. தையில் கல்யாணம்.

அந்த வருடம் வத்தல் விலை எகிறி, நான் இரண்டாவது கிட்டங்கி கட்டினேன். சம்பந்தியம்மா வந்து பார்த்து, "எங்க வீட்டுல சம்பந்தம் பண்ணுன ராசிண்ணே" என்றார். சம்பாதித்தது இந்தக் கைதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒருமுறை வாயைத் திறந்து பட்டது போதாதா? "ஆமா தங்கச்சி" என்றேன்.