போனில் இருந்த டீச்சர்

நானும் டீச்சரக்காவும் ஒரே அறையில் தங்கி ஐந்து வருடம் ஆகிறது. நான் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று என் நாள் போய்விடும். அக்கா ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர். கடல் தாண்டி வந்து இப்படி ஒருவருக்கொருவர் வாய்த்தோம்.

ஊரில் ஒரு தனியார் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குப் பத்தொன்பது வருடம் ஆங்கிலம் எடுத்தவர் அவர். வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். முதுகுத்தண்டு பிசகி அவர் படுக்கையோடு ஆனபோது ஒரே மகள் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டுப் பாரம் மொத்தமும் அக்கா தலையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜென்ட் வந்தான். வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை, முழு நேரம் என்றான். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் மட்டும், ‘தேவைக்கேற்ற மணி நேரங்கள்’ என்று ஒரு வரி இருந்தது.

“பத்தொன்பது வருஷமா பிள்ளைங்களுக்குப் பத்தியைப் படிச்சுப் பதில் எழுதச் சொல்லிக்கொடுத்தவ நான். அந்த ஒரு வரியை மேலோட்டமா படிச்சுட்டு கையெழுத்துப் போட்டேன்” என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஃபர்னிச்சர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். கண்ணாடித் தடுப்பு போட்ட ஐந்து சிறிய அறைகள். ஒரு வகுப்பில் சிரித்தால் அடுத்த வகுப்பில் கேட்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் என்று போனில் செய்தி வரும். இரண்டரையிலிருந்தே அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில வாரம் பன்னிரண்டு மணி நேரம், சில வாரம் ஐந்து. வகுப்பு எடுக்கும் நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம். பேருந்தில் போகும் நேரமும் நோட்டு திருத்தும் நேரமும் அவருடைய சொந்தச் செலவு.

அவரிடம் படித்தவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். நாற்பது வயதிருக்கும். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை. வேறொரு நாட்டில் அவருடைய தம்பி இருந்தான். அங்கே போய்ச் சேர ஆங்கிலம் பேசும் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தார். ‘நேற்று போகிறேன், நாளைக்குப் போனேன்’ என்று காலங்களைக் குழப்புவார். அக்கா அவருக்காகப் பலகையில் ஒரு லிஃப்ட் வரைந்தார். இப்போது நடப்பது தரைத்தளம், நடந்து முடிந்தது அதற்கும் கீழ்த்தளம், நடக்கப்போவது மேல்மாடி. வாயைத் திறக்கும் முன் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டும். மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்று அறைக்கு வந்த அக்கா செருப்பைக் கழற்றக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே எனக்கும் அந்தப் படத்தைக் காற்றில் வரைந்து காட்டினார்.

இரண்டாவது வருடம் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். டீச்சரின் ஆங்கிலம் ‘நிஜ ஆங்கிலம்’ மாதிரி இல்லையாம். நிலையத்தின் மேனேஜர் அதிர்ந்து பேசாத பெண்மணி. அவர் அக்காவைக் கூப்பிட்டு, “உங்க இலக்கணத்துல ஒரு குறையும் இல்ல. பேச்சுதான். கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டீங்கன்னா எனக்கும் மணி நேரம் கூட்டிக்கொடுக்க வசதியா இருக்கும்” என்றார்.

நாற்பத்தாறு வயதில் அக்கா நாக்கைத் திருப்ப உட்கார்ந்தார். எங்கள் குளியலறைக் கண்ணாடிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் இரண்டு ‘வ’ உண்டாம். ஒன்றுக்குக் கீழுதட்டைப் பல்லால் தொட வேண்டும், மற்றதற்கு உதட்டைக் குவிக்க வேண்டும். ‘ப’ என்றால் வாயிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய காகிதத்தை வாய்க்கு நேரே தொங்கவிட்டுக்கொண்டு, அது ஆடும்வரை ப, ப, ப என்று சொல்வார்.

“அக்கா, பக்கத்து அறைக்காரங்க நம்ம ரூம்ல குழந்தை பொறந்துடுச்சுன்னு நினைக்கப்போறாங்க.”

“பொறந்தா பரவாயில்லையே. அதுக்கு நான் பேச்சு சொல்லிக்கொடுக்க வேண்டாம், தானா வந்துடும்.”

ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் செய்தார். பேச்சு மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ வெள்ளைக்காரி பேசுவது போலிருக்கும். மேனேஜரும் கேட்டு அசந்துபோனார். ஆனால் வகுப்பறையில் மணி நேரத்தைக் கூட்டித் தரவில்லை. வேறொரு யோசனை சொன்னார். போனில் மட்டும் நடக்கும் தனி வகுப்புகள் ஆரம்பிக்கிறார்களாம். படம் கிடையாது, குரல் மட்டும். அக்காவுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் கொடுத்தார்கள். ஒரு தாளில் எல்லாம் எழுதியிருந்தது: எந்த நாட்டில் இருக்கிறார், வீட்டுக்கு எதிரே என்ன, நாயின் வயது என்ன.

“இது பொய்தானேக்கா” என்றேன்.

“நான் சொல்லிக்கொடுக்கிறது பொய்யில்லையே” என்றார் அவர். அந்த வாரச் செய்தியில் பதினெட்டு மணி நேரம் வந்திருந்தது.

என் விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று மதியம் நான் கட்டிலில் கிடப்பேன், அக்கா ஜன்னலோரம் போனை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பார். அவரிடமிருந்து நானும் அரைகுறையாக ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு மாணவர் இணைந்தார். முதல் வாக்கியத்திலேயே அக்காவின் முகம் மாறியது. லிஃப்ட் மெக்கானிக்.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பெயர் வேறு, பேச்சு வேறு, ஊர் வேறு. காலங்களைச் சரியாகச் சொன்னார். எப்படி இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள் என்று அக்கா கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“நான் அதை ஒரு லிஃப்ட் மாதிரி நினைச்சு வச்சிருக்கேன்” என்றார் அவர்.

“நல்லாயிருக்கே. யார் சொல்லிக்கொடுத்தது?”

“யாருமில்ல. நானா யோசிச்சது.”

அக்கா ‘மிக நன்று’ என்றார். பிறகு வகுப்பைத் தொடர்ந்தார்.

சில வாரங்களில் மெக்கானிக் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் தானாகவே பழைய டீச்சரைப் பற்றி எடுத்தார். நல்ல மனுஷிதான், பாவம், ஆனால் அவர் பேசியது பாதி புரியாது; உங்கள் பேச்சு முதல் நாளே புரிந்தது; ஆரம்பத்திலேயே உங்களிடம் வந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும் என்றார். சொன்னதில் ஓர் இடத்தில் வினைச்சொல் பிசகிவிட்டது. அக்கா அதை மட்டும் திருத்தினார். அவர் நன்றி சொல்லி, அந்த வாக்கியத்தைச் சரியாகத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்குப் பேசும்போதும் அக்காவின் பேச்சு பழையபடி இல்லை. தமிழில் ‘ப’ சொன்னாலும் காற்று வந்தது. மகளிடம் “அப்பா எப்படியிருக்கார்” என்று கேட்டால் அந்த ‘பா’ ஊதிக்கொண்டு வரும்.

“அம்மா, ஏன் டிவில விளம்பரத்துக்குப் பேசுற பொம்பள மாதிரி பேசுற?” என்றாள் மகள்.

அக்கா சரிசெய்து பேசப் பார்த்தார், இன்னும் மோசமாக வந்தது. கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் போனை வாங்குவதே குறைந்தது. “நீயே பேசிடும்மா” என்று மகளிடம் அவர் சொல்வது இங்கே கேட்கும்.

மெக்கானிக் தேர்வில் தேறிவிட்டார். கடைசி வகுப்பன்று அவருடைய குரலே துள்ளியது. இன்னும் மூன்று வாரத்தில் விமானம். போன் டீச்சர் இருப்பதாகத் தாளில் எழுதியிருந்த அதே நாட்டில் தம்பி வீடு பார்த்துவிட்டான். பிறகு சொன்னார், “அங்க வந்ததும் முதல் வேலையா உங்க ஊருக்கு வந்து உங்களைப் பாக்கப்போறேன். தம்பிகிட்ட சொல்லிட்டேன், ரயில்ல ரெண்டு மணி நேரமாம். விலாசம் சொல்லுங்க.”

நிலையம் கொடுத்த தாளில் விலாசம் இல்லை. அக்கா அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதர் ஊர் பேர் தெரியாத தேசத்தில் ரயிலேறி, இல்லாத ஒருத்தியைத் தேடிப் போவதை நினைத்துப் பார்த்திருப்பார்.

“நான் அங்க இல்ல” என்றார். “உங்க வீட்லேருந்து பஸ்ல இருபது நிமிஷம். நான்தான் உங்க பழைய டீச்சர். பலகையில லிஃப்ட் வரைஞ்சேனே.”

அதைத் தன் பழைய ஆங்கிலப் பேச்சில் சொன்னார். வேண்டுமென்று மாற்றினாரா, தானாக வந்துவிட்டதா, தெரியவில்லை. அவர் மகிழ்வார் என்று நான் நினைத்தேன். அக்காவும் நினைத்திருப்பார்.

“உங்களைப் பத்தி உங்ககிட்டயே பேசவச்சுட்டீங்க” என்றார் அவர். “நான் பேசப் பேசக் கேட்டுட்டு சும்மா இருந்திருக்கீங்க. உள்ளுக்குள்ள என்னைப் பாத்து எவ்வளவு சிரிச்சிருப்பீங்க.”

“ஒரு நாளும் சிரிக்கல.”

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறுநாளே மெக்கானிக் நிலையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, எப்போதும் போல மெதுவாகவே பேசினார். “உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா நிலையத்தை நான் காப்பாத்தியாகணும்.” அக்கா கையில் கொடுத்த கடிதத்தில், ஆசிரியை நிர்வாகத்துக்குத் தெரியாமல் வேறு பெயரில் பாடம் நடத்தினார் என்று இருந்தது. இம்முறை அக்கா ஒவ்வொரு வரியையும் படித்தார். கையெழுத்துப் போட மறுத்தார். போடாவிட்டாலும் அது கோப்பில் ஏறியது, வேலையும் போனது.

அதன்பிறகு அவர் விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் முதலில் நன்றாகப் பேசினார்கள், பழைய நிலையத்தில் விசாரித்தார்களோ என்னவோ, இரண்டு நாள் கழித்துப் பதிலே வரவில்லை. ஊரில் பழைய பள்ளிக்கு எழுதினார். தலைமையாசிரியை அன்பாகவே பதில் போட்டார்: அந்த இடத்தில் இப்போது உங்களிடம் படித்த பெண்தான் இருக்கிறாள், நன்றாகச் செய்கிறாள், பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “எழுத்துப் பிழை ஒன்னுகூட இல்ல” என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஆங்கில எழுத்து அட்டைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும், குழந்தைகள் கத்த வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் அட்டையைப் பார்ப்பதில்லை. மற்ற நேரமெல்லாம் அறையில்தான். புத்தகம் எடுத்தால் அதே பக்கத்தில் நிற்கிறார். நான் ஏதாவது கேட்டால் தலையாட்டுகிறார், இல்லாவிட்டால் ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு. முன்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையும் நிறுத்திவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. மகள் இல்லை, வீட்டுக்காரரே கூப்பிட்டிருந்தார், பல மாதம் கழித்து. அக்கா திரையைப் பார்த்தார். என் பக்கம் நீட்டி, “நான் வகுப்புக்குப் போயிருக்கேன்னு சொல்லு” என்றார்.

நான் எடுத்தேன். “அக்கா வகுப்பு எடுக்கப் போயிருக்காங்க மாமா.”

“அப்படியா. நிறைய வகுப்போ?”

“ஆமா மாமா.”

“நல்லது. தொந்தரவு பண்ண வேண்டாம். இன்னிக்கு எழுந்து ரெண்டடி நடந்தேன், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வந்ததும் சொல்லிடுங்க.”

சரி என்று வைத்துவிட்டேன். ஒலிபெருக்கியில்தான் இருந்தது, அக்காவுக்கு எல்லாம் கேட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். திரும்பிக் கூப்பிடுங்களேன் என்றேன். கையை மட்டும் வேண்டாம் என்று அசைத்தார். பிறகு எழுந்து, மறுநாள் காப்பகத்துக்கான அட்டைகளை எடுத்து, வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தார்.