கவர்னருக்கு அடித்த பச்சை பெயிண்ட்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பவர் ஹவுஸில் ஒரு முள் நாட்டியம் ஆடியது.

செம்பூரில் ஒரு சோப்பு ஆலையில் நான் எலக்ட்ரிகல் இன்ஜினீயர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நீராவியில் ஓடும் சொந்த ஜெனரேட்டர் எங்களிடம் உண்டு. அதை ஊர் மின்சார லைனோடு சேர்த்து ஓட்டுகிறோம். அது தரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரில் முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அன்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது... கடைசியில் படார்! ஜெனரேட்டர் லைனிலிருந்து தானாகவே கழன்றுகொண்டது. மொத்தச் சுமையும் தலையில் விழவே ஊர் லைனும் கைவிட்டது; ஆலை இருண்டது. கொதித்துக்கொண்டிருந்த சோப்பு தொட்டியிலேயே இறுகிவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். மாதுங்காவில் என் தெருக்காரர்தான். மெஷினைப் பார்த்தாரா? இல்லை. யார் டியூட்டி என்று பார்த்தார். ஆபரேட்டர் சுடலைமுத்து — தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர் — அகப்பட்டார்.

"இவன் தூங்கியிருப்பான். சஸ்பெண்ட் பண்ணிடலாம். இல்லேன்னா ஊர் லைன்காரா பண்ற கோளாறு."

"மெஷின்ல கோளாறு இருக்கக்கூடாதா?" என்றேன்.

"பளபளன்னு இருக்கு ஓய், அதுல என்ன கோளாறு?"

சுடலைமுத்து மீட்டரைக் காட்டினார். "கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டுதான் சார் இருந்தேன். அது பாட்டுக்கு ஆடுச்சு. நான் என்ன செய்யட்டும்?"

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். முகத்தைச் சுளித்தபடி கொடுத்தார்.

முதலில், வோல்டேஜைத் தானாகச் சரிசெய்யும் கருவியை விலக்கிவிட்டுக் கையால் இயக்கினேன். முள் ஆடத்தான் செய்தது; ஆக, கோளாறு அதில் இல்லை. அடுத்து ஊர் லைனைப் பிரித்துவிட்டு, பம்புகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டும் ஓட்டினோம். அப்போதும் ஆடியது. ஆக, ஊர் லைன் நிரபராதி!

மிச்சம் இருந்தது கவர்னர். மாளிகையில் இருப்பவர் அல்ல — இது வேலை செய்யும் கவர்னர். எவ்வளவு நீராவி உள்ளே போகலாம் என்று தீர்மானிப்பது.

மெஷினை நிறுத்தி அதன் லீவரை அசைத்தேன். விரல் பட்டாலே நகர வேண்டியது, பிடித்து இழுத்த பிறகுதான் 'டக்'கென்று எகிறியது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால்... மூட்டுகளில் எல்லாம் கெட்டியாகப் பச்சை பெயிண்ட்!

போன மாதம் சேர்மன் விஜயம். மேனேஜர் பவர் ஹவுஸுக்கு வர்ணம் பூசச் சொன்னார். பெயிண்டர்கள் சுவர், குழாய், கண்ணில் பட்டது எல்லாவற்றுக்கும் பூசிவிட்டார்கள். பெயிண்ட் காயக் காய இறுகி ஒட்டிக்கொண்ட லீவர் ஒரு தடவை நீராவியை அள்ளி விட்டது, மறு தடவை அடைத்தது. முள் வேறென்ன செய்யும்?

நானும் சுடலைமுத்துவும் சுரண்டினோம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தோம். எண்ணெய் போட்டோம். மறுபடி லைனில் சேர்த்தோம். முள் நின்றது. உட்காரச் சொன்னாலும் உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார் சுடலைமுத்து.

சுரண்டிய பெயிண்டை மேனேஜர் மேஜையில் கொட்டினேன். ஒரு சில்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"சரி, அவன் வேலையைப் பாக்கட்டும். ஆனா சேர்மன்கிட்ட மூச்சு விடாதேயும். அவருக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

பெரியவர் வருகிறார் என்றால் ஓடுவதை யார் கவனிக்கிறார்கள்? தெரிவதைத்தான் பூசுகிறோம். பூசியதால் ஓடாமல் போனால், பக்கத்தில் நின்றவனைப் பிடிக்கிறோம்.

விஷயத்தைச் சொன்னதும் சுடலைமுத்து சிரிக்கவில்லை. "அடுத்த தடவ சேர்மன் வாறப்ப எனக்கும் சேத்துப் பெயிண்ட் அடிச்சிருவாவளோ சார்?"

"அசையாம நின்னா அடிச்சுடுவா" என்றேன்.